கேட் நோட்டில் உண்டு, சம்பள நோட்டில் இல்லை: ஓசூர் எல்லையில் வீட்டு வேலையும் கணக்கும்



போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாகலூர் சாலைப் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து ஓர் அம்மா எங்களைத் தேடி வந்தார். ஓசூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரே குடும்பத்தில் ஒன்பது வருடம் குழந்தை பார்த்துக்கொண்டவர். அந்த வீட்டில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பிறந்து ஐந்து மாதத்தில் கையில் வாங்கிய பிள்ளை மூன்றாம் வகுப்பு முடிக்கும்வரை காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிவரை இவர்தான் அம்மா. பிறகு அந்தக் குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டது.

"சண்டை ஒண்ணும் இல்லீங்க. நல்லவங்கதான். போறப்ப ஒரு மாசச் சம்பளம் கூடவே குடுத்தாங்க. ஆனா என் மருமவன் கம்பெனில இருந்து நின்னப்ப என்னமோ பணம் வந்துச்சே, வருசத்துக்கு இத்தினின்னு கணக்குப் பண்ணி. அது எனக்கு ஒண்ணும் கெடையாதான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அவர் கேட்டது பணிக்கொடை. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடங்களுக்குத்தான் அது. ஒரு வீட்டில் பத்துப் பேரை வைத்துக் குழந்தை வளர்ப்பவர்கள் யார்? இல்லை என்று அவரிடம் சொல்ல எங்களுக்கு ஒரு நிமிடம் போதுமாக இருந்தது. ஆனாலும் ஏதாவது செய்யலாம் என்று ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே கேட்ட முதல் கேள்வி, "அங்க வேலை பார்த்தீங்கன்னு ஏதாவது எழுத்து இருக்கா?"

எழுத்து இருந்தது. நிறையவே இருந்தது. குடியிருப்போர் சங்கம் கொடுத்த போட்டோ ஒட்டிய அடையாள அட்டை இருந்தது. காவல் நிலையத்தில் கொடுத்த சரிபார்ப்புப் படிவத்தின் நகல் இருந்தது, அதில் அவருடைய ஊர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கேட்டில் இருக்கும் நோட்டு. உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து, ஒன்பது வருடத்துக்கும். போகும்போது பையைத் திறந்து காட்டியதற்குக் கூட அதில் ஒரு டிக் உண்டு. ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவேடுகூட அவ்வளவு துல்லியமாக இருக்காது. இல்லாதது ஒன்றே ஒன்று: இந்த வேலைக்கு இவ்வளவு கூலி என்று, கொடுக்கிறவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு வரி.

இன்றைய நினைவுச் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்தபோது வேறு தலைப்பைத்தான் யோசித்திருந்தோம். அந்த அம்மாவின் கேள்வி அதைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றுகொண்டது. நம் சனங்களின் பெயரை எழுதாத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. எந்த ஏட்டில் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்பதுதான் விஷயம். நம்மைக் கண்காணிக்கிற ஏடு ஒன்று, நமக்குக் கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொள்கிற ஏடு இன்னொன்று. முதலாவது எப்போதும் தடிமனாக இருக்கிறது. இரண்டாவதைத் தேடிப் போவதுதான் இந்தக் கட்டுரை.

இந்த மண்ணிலிருந்தே தொடங்கலாம். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியின் கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகள் அதில் அடங்கும். மலைக்கு மேலே இருக்கும் ஓசூர்ப் பக்கம் 1799-இல் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. பின்னால் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய ரயத்துவாரி முறை முளைவிட்டது இவர்கள் இங்கே போட்ட கணக்கில்தான். நிலத்தை அளந்தார்கள், மண்ணைத் தரம் பிரித்தார்கள், ரயத்து ஒவ்வொருவரின் பெயரிலும் தீர்வை எழுதினார்கள். அரசும் குடியானவனும் நேருக்கு நேர், நடுவில் யாரும் இல்லை என்பதுதான் அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது.

நடுவில் யாரும் இல்லைதான். அடியில் இருந்தார்கள். கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்தவர், கவலை ஏற்றம் இறைத்தவர், மாடு மேய்த்தவர், ரயத்தின் வீட்டு வாசல் தெளித்தவர். படி தானியத்துக்கு வேலை செய்ததால் படியாள். அவருக்குப் பட்டா இல்லை, எனவே கணக்கில் பெயரும் இல்லை. அவர் ரயத்திடம் வாங்கிய முன்பணம் மட்டும் எங்கோ ஒரு ஓலையில், பிறகு ஒரு நோட்டில் இருந்தது. படியாளின் பெயர் முதன்முதலில் எழுதப்பட்ட இடம் அவர் தர வேண்டிய கடன்தான், அவருக்கு வர வேண்டிய கூலி அல்ல. படியாளின் மனைவி வீட்டு வேலை செய்வதற்குத் தனிக் கூலி என்ற பேச்சே இருந்ததில்லை, அது அந்தப் படியிலேயே அடக்கம். இன்று ஓசூரில் வீட்டு வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு அட்வான்ஸ் கொடுத்து அதை மட்டும் ஒழுங்காக நோட்டில் எழுதி வைக்கிற வழக்கத்தைப் பார்க்கும்போது எங்களுக்கு அந்த ஓலை ஞாபகம் வருகிறது.

வெள்ளைக்காரர் வீடுகள் வேறு மாதிரி. மாட்டுக்கறி சமைக்கவும், கழிப்பறை சுத்தம் செய்யவும், துரையின் பிள்ளையைத் தூக்கி வளர்க்கவும் சாதி இந்துக்கள் முன்வராத இடத்தில் நம் முன்னோர் பட்லராக, சமையல்காரராக, ஆயாவாகப் போனார்கள். அங்கே மாதச் சம்பளம் உண்டு, பணமாக உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. படி தானியத்திலிருந்து காசுக்கு மாறியது நம் வரலாற்றில் பெரிய காரியம். அயோத்திதாசப் பண்டிதர் தம் பாட்டனார் கந்தப்பனைப் பற்றி எழுதியிருப்பது இந்த அவையில் பலருக்குத் தெரியும். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், தம் வீட்டில் வழிவழியாக இருந்த திருக்குறள் சுவடியைத் துரை வழியாக எல்லிஸிடம் சேர்த்தவர். தமிழ் அச்சு வரலாற்றுக்குள் ஒரு வீட்டுப் பணியாளர் அப்படித்தான் நுழைகிறார். அவருக்கு மாதம் என்ன சம்பளம் என்று எந்த நூலிலும் நாங்கள் பார்த்ததில்லை.

ஆனால் அந்த வீடுகளிலும் பணியாளர் கையில் கிடைத்த காகிதம் நற்சான்றுச் சீட்டுதான். இவர் நாணயமானவர், குடிக்கமாட்டார், பிள்ளைகளிடம் அன்பானவர் என்று ஒரு துரைசாணி இன்னொரு துரைசாணிக்கு எழுதியது. அது வேலை செய்தவருக்குச் சொந்தமான காகிதம் போலத் தெரியும். உண்மையில் ஒரு முதலாளி இன்னொரு முதலாளிக்கு எழுதிய கடிதம் அது, இவர் வெறும் தபால்காரர். கப்பலில் பிள்ளைகளோடு இங்கிலாந்து வரை போன ஆயாக்கள் பலர் அங்கே இறங்கியதும் கைவிடப்பட்டார்கள். திரும்பிவரக் கப்பல் கட்டணம் தருவதாகச் சொன்ன வாய்வார்த்தைக்கு எழுத்து கிடையாது. அவர்கள் தங்குவதற்கென்றே லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்று நடந்தது. ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலை 26-ஆம் எண் கட்டடத்தில் 2022-இல் அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள்.

பதிவேடு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைத்துவிடக்கூடாது. அதற்கும் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. வேப்பனப்பள்ளியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் ஜில்லாவிலிருந்தும் போன நம் சனங்கள்தான் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் இறங்கினார்கள். 1930-இல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்ய முற்பட்டபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கைரேகை வைப்பது குற்றப்பரம்பரைக்காரர்களுக்குச் செய்வது, எங்களுக்கு ஏன் என்ற கேள்வி அதற்குள் இருந்தது. பதிவைக் கண்டு பயந்த பாமரர்கள் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். எந்தப் பதிவு யாருக்காக என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் அவர்தான் அறிமுகம் செய்தார். அது சட்டமானது 1948-இல், ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது. அந்தச் சட்டத்தின் அமைப்பு ஒரு பட்டியல். பட்டியலில் இருக்கும் தொழிலுக்குக் கூலி நிர்ணயம், கூலிப் பதிவேடு, கூலிச் சீட்டு எல்லாம் உண்டு. பட்டியலில் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. விவசாயக் கூலி பட்டியலில் இருந்தது, வீட்டு வேலை இல்லை. மாநிலங்கள் விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கதவு மட்டும் திறந்திருந்தது. அந்தக் கதவைத் தமிழ்நாடு கடந்து உள்ளே வர எவ்வளவு காலம் ஆனது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

அதற்கு முன் 1959. இந்த ஆண்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் இரண்டு தனிநபர் மசோதாக்கள் வந்தன. மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் பி.என். ராஜ்போஜ், அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பில் பொதுச்செயலாளராக இருந்தவர். மக்களவையில் கொண்டுவந்தவர் கன்னையா லால் வால்மீகி. அவர் எந்தச் சமூகத்திலிருந்து வந்தவர் என்று பெயரே சொல்லும். குறைந்தபட்சக் கூலி, வேலை நேரத்துக்கு வரம்பு, வாரம் ஒரு நாள் ஓய்வு, விடுப்பு. இவ்வளவுதான் கேட்டார்கள். இரண்டும் சட்டமாகவில்லை. அதற்குப் பிறகும் பல தனிநபர் மசோதாக்கள் வந்து போயின.

இந்திய வீட்டுப் பணியாளர் சட்டத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 2011-ஆம் ஆண்டு ஜெனிவாவில் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கையிலிருந்து தொடங்குகிறார்கள். வேலை நிபந்தனைகளைப் பணியாளருக்குப் புரியும்படி, முடிந்தவரை எழுத்தில் தர வேண்டும் என்கிறது அது. நல்ல உடன்படிக்கை. இந்தியா ஆதரித்து வாக்களித்தது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஆனால் அதற்கு ஐம்பத்திரண்டு வருடம் முன்பே இரண்டு தலித் உறுப்பினர்கள் இதே கோரிக்கையை டெல்லியில் எழுந்து நின்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அந்தச் சமையலறைகளில் பாத்திரம் தேய்ப்பது யாருடைய அம்மா என்று.

அமெரிக்காவில் இதே கதை இன்னும் பச்சையாக நடந்தது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியத்தைக் கொண்டுவந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டுப் பணியாளர்களையும் வெளியே நிறுத்தியது. கறுப்பின மக்களில் பெரும்பகுதியினர் செய்த வேலைகள் இந்த இரண்டும்தான். கறுப்பின உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் போய், இந்தச் சட்டம் கறுப்பர்கள் விழுந்து போவதற்கென்றே ஓட்டை போட்ட சல்லடை என்ற பொருளில் சாட்சி சொன்னார். 1950-இல்தான் முறையாக வேலை செய்யும் வீட்டுப் பணியாளர்கள் அந்தச் சட்டத்துக்குள் வந்தார்கள். வந்த பிறகும் முதலாளிகள் கட்டவில்லை. 1993-இல் கிளிண்டன் அட்டர்னி ஜெனரல் பதவிக்கு முன்மொழிந்த ஸோயி பெயர்ட், ஆவணமில்லாமல் குடியேறியவர்களைப் பிள்ளை பார்க்கவும் கார் ஓட்டவும் வைத்துக்கொண்டு, அவர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டவில்லை என்று தெரிந்து விலக வேண்டி வந்தது. நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி ஆக வேண்டியவர், ஆயாவின் கணக்கில் தடுக்கி விழுந்தார். பத்திரிகைகள் அதை ஆயா ஊழல் என்று எழுதின. நம் ஊரில் ஒரு அமைச்சரின் வீட்டுச் சமையல்காரருக்கு யார், எந்தக் கணக்கில் சம்பளம் தருகிறார்கள் என்று ஒருவரும் கேட்டுக் கேள்விப்பட்டதில்லை.

இந்த வேறுபாட்டின் காரணம் அமெரிக்கர்களின் நல்ல மனசு இல்லை. அங்கே ஆயாவின் சம்பளத்தில் ஒரு பங்கு அரசுக்குப் போகிறது, பின்னால் அது அவருக்கே ஓய்வூதியமாக வருகிறது. அதனால் கணக்கு இருந்தே ஆக வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வைப்புநிதிக்கு 20 பேர் வேண்டும், இஎஸ்ஐ-க்கு 10 பேர் வேண்டும். வீட்டுப் பணியாளரின் சம்பளம் வருமான வரி வரம்பின் கிட்டே கூட வராது, எனவே வரி பிடிக்கும் வேலையும் இல்லை. சம்பளம் கொடுக்கிற குடும்பமும் அந்தச் செலவைத் தன் வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது, எனவே ரசீதும் தேவையில்லை. வரித்துறைக்கு அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கக் காரணமே இல்லை.

ஒரே ஒரு இடத்தில் எட்டிப் பார்த்தது. அது வேடிக்கையானது. 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளில் 3(3) என்று ஒன்று. ஒரு கம்பெனி தன் அதிகாரியின் வீட்டுக்குத் துப்புரவாளரையோ தோட்டக்காரரையோ காவலாளியையோ தனி உதவியாளரையோ ஏற்பாடு செய்து கொடுத்தால், அவர்களுக்கு ஆகும் செலவு அந்த அதிகாரியின் சலுகை மதிப்பாகக் கணக்கில் ஏறும். அதாவது அதிகாரியின் படிவத்தில், காருக்குப் பக்கத்தில், அவருக்குக் கிடைத்த வசதிகளில் ஒன்றாக வீட்டுப் பணியாளர் வருகிறார். சம்பளம் வாங்கியவராக அல்ல, சம்பளத்தின் ஒரு பகுதியாக. ஓசூரின் பெரிய ஆலைகளில் கணக்குப் பிரிவில் இருக்கும் தோழர்கள் இதைக் கையால் எழுதியிருப்பார்கள். எழுதும்போது அந்த வரியில் இருப்பது தன் பெரியம்மாவாக இருக்கலாம் என்று தோன்றியிருக்குமா, தெரியாது.

ஓசூர் எப்படி இப்படி ஆனது என்பதை நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளில் சிப்காட் வந்தது, 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட், டிவிஎஸ், பிறகு டைட்டன். 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம், 2019-இல் ஓசூர் மாநகராட்சி. அந்தப் பக்கம் அத்திப்பள்ளி தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி. ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போகிறவர்களின் வீட்டில் யாராவது இருந்தாக வேண்டும். சூளகிரி, பேரிகை, கெலமங்கலம், மத்திகிரிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து நம் பெண்கள் காலை டவுன் பஸ்ஸில் வந்து அந்த வீடுகளைத் திறக்கிறார்கள்.

இவர்களில் சிலர் பகலில் ஒப்பந்தக்காரர் வழியாக ஆலையில் தரை துடைக்கிறார்கள், மாலையில் ஒரு வீட்டில் தரை துடைக்கிறார்கள். அதே துடைப்பம், அதே முதுகு. ஆலையில் துடைக்கும்போது அவருக்கு ஒரு பிஎஃப் எண் இருக்கிறது, சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 12 சதவீதம் போடுகிறார். இஎஸ்ஐ-க்கு அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். உடம்பு சரியில்லை என்றால் ஓசூர் இஎஸ்ஐ மருத்துவமனை. ஒப்பந்தக்காரர் அதைச் சரியாகக் கட்டுகிறாரா என்பது வேறு சண்டை, ஆனால் சண்டை போட ஒரு தாள் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் தாண்டியதும் அந்தத் தாள் காணாமல் போகிறது. அங்கே அவருக்கு வேறு பட்டம்: "எங்க வீட்டு ஆள் மாதிரி." வீட்டு ஆளுக்குத் தனி டம்ளர் எதற்கு என்று கேட்டால் பதில் வராது.

தமிழ்நாடு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1982-ஆம் ஆண்டின் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வீட்டு வேலை சேர்க்கப்பட்டு, 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் தனியாக வந்தது. அதற்காகத் தெருவில் நின்ற பெண் தொழிலாளர் சங்கங்களை மறக்கக்கூடாது. பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, மகப்பேறுக்கு, முதுமைக்கு உதவி உண்டு. ஆனால் ஒரு வீட்டைக் கட்டும்போது கட்டுமானத் தொழிலாளர் வாரியத்துக்குக் கட்டடச் செலவில் 1 சதவீதம் செஸ் கட்ட வேண்டும். கட்டி முடித்த அதே வீட்டுக்குள் முப்பது வருடம் வேலை செய்கிறவரின் வாரியத்துக்கு அந்த வீட்டுக்காரர் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. சுவர் எழுப்பியவருக்குக் கிடைத்த நியாயம் சுவருக்குள் இருப்பவருக்குக் கிடைக்கவில்லை. முதலாளி பங்களிப்பு இல்லாத வாரியம் அரசு தருவதை நம்பித்தான் நிற்க வேண்டும்.

குறைந்தபட்சக் கூலி இன்னும் தாமதம். 1948-இல் திறந்து வைத்த கதவு வழியாகத் தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குக் கூலி நிர்ணயம் வந்து சேர்ந்தது 2018-இல். எழுபது வருடம். மணிக்கு 37 ரூபாய் என்று ஆரம்பித்தது. தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொண்டால் 1,924 ரூபாய். ஓசூரில் சந்தை விலையே இதைவிட மேலே என்று சிலர் சொல்வார்கள். சில வீடுகளில் மேலேதான். ஆனால் சந்தை விலை வேலைக்கு இவ்வளவு என்று பேசப்படுகிறது, மணிக்கு இவ்வளவு என்று அல்ல. விருந்தாளி வந்தால் பாத்திரம் மூன்று மடங்கு ஆகும், சம்பளம் அப்படியே இருக்கும். கர்நாடகம் 2004-லேயே வீட்டு வேலைக்குக் கூலி அறிவித்த மாநிலம். அந்த அறிவிப்பில் ஒரு வேலைக்கு 45 நிமிடம் என்று நேரம் வைத்துப் பிரித்திருந்தார்கள், குழந்தை பார்ப்பதையும் வேலையாக எண்ணினார்கள். தொகை சிறியது, முறை சரியானது.

எல்லையில் வாழ்வதன் சங்கடம் இங்கேதான். ஜூஜூவாடியில் குடியிருந்து அத்திப்பள்ளியில் வேலை செய்கிற பெண்ணுக்கு ரேஷன் கார்டு தமிழ்நாடு, வேலை செய்யும் இடம் கர்நாடகம். வாரியம் இங்கே, கூலி ஆணை அங்கே. டவுன் பஸ்ஸில் 2021 முதல் இந்தப் பக்கம் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பக்கம் 2023 ஜூனில் வந்த சக்தித் திட்டம் கர்நாடகத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டும், அதனால் அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். தொழில் வரி இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் உள்ளாட்சிக்குத் தொழில் வரி உண்டு, அதாவது மாதம் 3,500. கர்நாடகத்தில் 2023 முதல் மாதம் 25,000-க்குக் கீழே கிடையாது. எழுத்துப்படி பார்த்தால் ஓசூரில் முழுநாள் குழந்தை பார்க்கும் ஒரு பெண் தொழில் வரி கட்ட வேண்டியவர், பத்து கிலோமீட்டர் தள்ளி அதே வேலை செய்பவர் கட்ட வேண்டாம். யாரும் வசூலிக்கவில்லை. வசூலிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை, மாநகராட்சித் தோழர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வரி விதிக்கும்போது கண்ணில் படக்கூடிய வருமானம், உரிமை கேட்கும்போது மட்டும் கைச்செலவுக் காசாக மாறிவிடுவதைக் கவனிக்கச் சொல்கிறோம்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, குடும்பங்கள் வேலைக்கு வைக்கும் வீட்டுப் பணியாளரைக் கூலித் தொழிலாளர் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. தொழில் உறவுகள் தொகுப்பு, வீட்டு வேலை தொழிலே அல்ல என்று பெயர் சொல்லி விலக்குகிறது. கூலித் தொகுப்பு பழைய பட்டியலை எடுத்துவிட்டு எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது, ஆனால் நிறுவனத்தில் வேலை செய்பவரையே ஊழியர் என்கிறது. வீடு நிறுவனமா? நாம் ஆம் என்று வாதாட வேண்டும், அவர்கள் இல்லை என்பார்கள். உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 29-இல், வீட்டுப் பணியாளருக்குத் தனிச் சட்டக் கட்டமைப்பு தேவையா என்று ஆராய ஒரு நிபுணர் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசிடம் சொன்னது. ராஜ்போஜ் கேட்டு அறுபத்தாறு வருடம் கழித்து ஒரு குழு.

இதுவரை மற்றவர்களைப் பேசினோம். நம்மைப் பேசாமல் இந்த உரையை முடித்தால் அது யோக்கியமாக இருக்காது. நமக்குள்ளும் ஆசிரியர்கள், வங்கிப் பணியாளர்கள், ஐடி ஊழியர்கள் வந்துவிட்டார்கள். நல்லது. அவர்கள் வீட்டிலும் ஒரு அக்கா வருகிறார். எங்கள் குழுவிலேயே ஒரு தோழரின் அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது ஏஜென்சி வழியாக ஒரு பெண்ணை இருபத்து நான்கு மணி நேரமும் வைத்துக்கொண்டோம். மாதாமாதம் ஏஜென்சிக்குப் பணம் போட்டோம். அதில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்று மூன்று மாதம் ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கூட்டம் இருந்தது, அவருக்கு விடுமுறை இருந்ததா என்றும் கேட்கவில்லை. அம்மா இறந்த பிறகு அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "நீங்க எல்லாம் சங்கத்துக்காரங்கன்னு சொன்னாங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. கூலியைப் பற்றி இருபது வருடம் துண்டறிக்கை எழுதிய எங்களிடம் அவருக்கென்று ஒரு நோட்டு இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்யத் தொடங்கியது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆள் வைக்கும் வீட்டில் முதல் நாளே ஒரு தாளில் எழுதுவது: என்ன வேலை, எத்தனை மணி நேரம், கூடுதல் மணிக்கு எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, வருடத்துக்குச் சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு, நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னால் சொல்வது. இரண்டு பிரதி, இரண்டிலும் கையெழுத்து, ஒன்று அவரிடம். சம்பளம் அவர் வங்கிக் கணக்கில், எந்த மாதத்துக்கானது என்ற குறிப்போடு. வாரியத்தில் பதிவு செய்யக் கேட்கும் வேலைச் சான்றில் தயங்காமல் கையெழுத்துப் போடுவது, அரைநாள் சம்பளத்தோடு அனுப்புவது. பணிக்கொடைச் சட்டம் பொருந்தாவிட்டாலும் அதே கணக்கில் மாதாமாதம் அவர் பெயரில் ஒரு தொகை ஒதுக்குவது. ஒன்றிய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத்தில் வயதைப் பொறுத்து மாதம் 55-லிருந்து 200 ரூபாய்தான், அறுபதுக்குப் பிறகு மாதம் 3,000 வரும் என்பது திட்டம், அந்தத் தொகையை நாமே கட்டலாம். ஆனால் நாற்பது வயதுக்கு மேல் சேர முடியாது. எங்களிடம் வருகிற பெண்களில் பாதிப்பேர் அந்த வயதைத் தாண்டியவர்கள்.

இதை எழுதுகிற அளவுக்குச் செய்வது சுலபமாக இல்லை. ஒரு தோழர் வீட்டில் அந்த அக்காவே பயந்துவிட்டார். "கையெழுத்து எதுக்கு? என் மேல ஏதாவது வந்துருமா?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதுவரை அவரிடம் கையெழுத்து வாங்கிய காகிதம் எல்லாம் கடன் பத்திரமும் போலீஸ் படிவமும்தான்.

பாகலூர் சாலை அம்மாவின் விஷயத்துக்குத் திரும்புவோம். கேட் நோட்டுகளைக் கேட்டுக் குடியிருப்போர் சங்கத்துக்குப் போனோம். பழைய நோட்டுகளை எடைக்குப் போட்டாயிற்று, இப்போது எல்லாம் செல்போன் ஆப்பில் என்றார்கள். அதிலிருந்து எடுத்துத் தர முடியுமா என்றால், அது குடியிருப்பவர்களின் தனியுரிமை என்றார்கள். அவர் வந்துபோன நேரம் எப்படி மற்றவர்களின் தனியுரிமை ஆகும் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கடைசி நான்கு வருடம் சம்பளம் செல்போன் வழியாக வந்திருந்தது. அவர் மகள் வங்கிக்குப் போய் அந்த வரவுகளை அச்செடுத்து வந்தாள். அதை வைத்து வருடத்துக்கு 15 நாள் என்று கணக்குப் போட்டு, ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து, அந்தக் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். சட்டப்படி நீங்கள் தர வேண்டியதில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினோம். இரண்டு மாதம் கழித்துப் பாதித் தொகை வந்தது, கூடவே பிள்ளையின் போட்டோ ஒன்றும். மீதிக்கு மறுபடி எழுதியிருக்கிறோம்.

அவர் இப்போது அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நகைக்கடை கொடுத்த டைரி ஒன்றை வைத்திருக்கிறார். எழுதத் தெரியாது, எண் தெரியும். தேதிக்கு நேராகப் போன நேரம், வந்த நேரம். ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்கள் காலி. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று அழைத்த ஒரு ஞாயிறு மட்டும் ஏழு மணி, நாலு மணி என்று இருக்கிறது, அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். எல்லை தாண்டிப் போகும் கர்நாடக பஸ்ஸின் டிக்கெட்டுகளையும் அதிலேயே சோற்றுப் பசையால் ஒட்டி வைத்திருக்கிறார்.